பூசணி

"பூசணி வந்தாச்சு. எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்க."

லைன் சூப்பர்வைசர் அக்கா சத்தமாகச் சொன்னதும், தையல் மெஷின்களில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் மூலை மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். காலையிலேயே ஆரம்பித்தாகிவிட்டது.

அவள் ஒன்றும் தின்று கொழுத்த பூசணி இல்லை. வயிற்றில் பிள்ளை. அதைப் பற்றி லைனில் ஒருத்தரிடமும் அவள் மூச்சு விடவில்லை. புருஷனுடைய தொளதொள சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

சொன்னால் வேலை போய்விடும். கம்பெனிச் சுவரில் என்னவோ 'கர்ப்பிணித் தாய்மார்களைக் காப்போம்' என்று கொட்டை எழுத்தில் போர்டு மாட்டித்தான் இருக்கிறது. சட்டை வாங்க வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது அதைத் தூசி தட்டுவார்கள். மற்ற நாளில் அதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. இவளைப் போல ஏஜென்ட் மூலம் வந்த பெண் யாருக்காவது வயிறு தெரிந்தால் மேனேஜர் ரொம்ப மரியாதையாக, வீட்டில் ரெஸ்ட் எடும்மா என்பார். அந்த ரெஸ்ட்டுக்குப் போனவள் எவளும் திரும்பி வந்ததில்லை.

வீட்டில் அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து, காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறான். வேலை கொடுத்த கட்டடக்காரர் ஒரே ஒரு தடவை பழத்தோடு வந்து பார்த்தார். அதற்கப்புறம் போனைக்கூட எடுப்பதில்லை. அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான். இதுவும் போனால் வயிற்றில் இருப்பதையும் சேர்த்து மூன்று உயிரும் அம்போ.

இந்த லட்சணத்தில் சூப்பர்வைசர் அக்கா வேறு. கொஞ்ச நாளாகத்தான் இந்தப் பூசணிப் பட்டம். சாப்பிட உட்கார்ந்தால், இவள் கொண்டுவந்திருப்பது டப்பாவா அண்டாவா பாருங்கடி என்பாள். நடுவில் இருந்தவளை, வழியை அடைக்கிறாள் என்று சொல்லி மூலைக்குத் துரத்தியதும் அவள்தான். வேலையைத் திட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். உடம்பைச் சொல்லிச் சிரித்தால் எப்படிப் பொறுப்பது? வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லி அழுவாள். அவன் பாவம், கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பக்கத்து மெஷின் சின்னவள் என்றால் மட்டும் அக்கா வாயில் தேன் ஒழுகும். போன வருஷம் கல்யாணமான பெண். அதிர்ந்து பேசத் தெரியாது. அவளை அக்கா 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். தையல் கோணிப் போனால்கூட, பரவாயில்லை கண்ணு, பிரிச்சுத் தைச்சுக்கோ என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு மேனேஜர் ரவுண்ட்ஸ் வந்தார். பார்க்கிறவர்களுக்கு அவர் துணியைப் பார்க்கிற மாதிரித்தான் இருக்கும். அவர் பார்ப்பது வயிற்றை. ஒவ்வொரு மெஷினாகத் தாண்டி வந்தவர் மூலையில் நின்றுவிட்டார். இவள் சட்டையை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"என்னம்மா, கொஞ்ச நாளா ஆளே மாறிட்ட மாதிரி இருக்கே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

"அதை ஏன் சார் கேக்கறீங்க. தின்னு தின்னு ஊதிப் போய்க் கிடக்குது. நானும் தினம் தலைபாடா அடிச்சுக்கறேன், காதுலயே வாங்க மாட்டேங்குது. இதுக்குன்னு தனியா ஒரு பெரிய நாற்காலி ஆர்டர் போடுங்க சார்."

லைன் மொத்தமும் சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். வாயைக் கட்டும்மா என்று புத்திமதி ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்தார். வேலை தப்பித்தது என்று சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது.

அதற்குள் பக்கத்தில் துணிக்கட்டை எடுக்க எழுந்த சின்னவள், தலை சுற்றி மெஷினைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். கிட்டே வந்து, எத்தனை மாசம் என்று தணிந்த குரலில் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத பெண், உள்ளதைச் சொல்லிவிட்டது.

மேனேஜர் வழக்கம்போல மரியாதையாகத்தான் பேசினார். சின்னவள் மெஷின் மேல் கிடந்த நூல் பிசிறுகளைத் துடைத்து வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். டப்பாவை இன்னும் திறக்கக்கூட இல்லை. லைனில் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்காவும் வாயைத் திறக்கவில்லை.

வேலை முடிந்து மணி அடித்ததும் இவள் நேரே கம்பெனியின் துணி ஸ்டோர் ரூமுக்குப் போனாள். வருவது வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனாள். அக்கா துணி மூட்டைகளுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் உங்களுக்கு என்னக்கா பாவம் பண்ணினேன்? ஊர் சிரிக்க என் மானத்தை வாங்கறீங்க. அவளை வாய்க்கு வாய் கண்ணுன்னு கூப்பிட்டீங்களே, அவளுக்காகவாவது ஒரு வார்த்தை பேசினீங்களா?"

அக்கா திரும்பினாள். அழுது அழுது முகமே வீங்கியிருந்தது.

"நானும் ரெண்டு பெத்தவடி. உன்னைப் பாத்தாத் தெரியாதா எனக்கு? குண்டு குண்டுன்னு தினம் எல்லாரும் சிரிச்சாத்தான், அந்த ஆளு கண்ணுக்கும் நீ குண்டாத் தெரிவே."

அவள் பக்கத்து மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவளுக்கும் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. சாதுப் பொண்ணாச்சேன்னு அவளை மட்டும் ஒரு நாள்கூடத் திட்டாம விட்டுட்டேன்டி."