பதினோரு கிலோ

"இதுவும் வேண்டாமா?" என்றாள் மனைவி.

"வேண்டாம்." விமானி தட்டைத் தள்ளி வைத்தார். மூன்று மாதமாக இதே கதைதான். சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது.

"ஐம்பது வயசுல யாருக்காக இந்த அழகு?"

அவர் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். மேசையில் செல்போன் ஒளிர்ந்தது. 'இன்னும் அரைக் கிலோதான் சார். விட்றாதீங்க.' அனுப்பியவள் அவரோடு விமானத்தில் போய்வரும் நர்ஸ்.

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். மறுநாள் மதியம் யாரிடமும் சொல்லாமல் விமான நிலைய வாசலில் போய் நின்றாள்.

மலையிலிருந்து நோயாளியை ஏற்றி வரும் குட்டி விமானம் இறங்கியது. முதலில் ஸ்ட்ரெச்சரில் ஒரு சிறுமி வந்தாள். பின்னால் அவள் அம்மாவும் நர்ஸும் வந்தார்கள். கடைசியாகக் கணவர், இடுப்பில் ஒரு சின்னப் பையனோடு.

"சாரோட வீட்டம்மாவா?" நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாசாமாசம் இவன் அக்காவை வைத்தியத்துக்கு ஏத்திட்டு வருவோம். மேல ஓடுபாதை குட்டை, காத்தும் மெல்லிசு. இவனையும் ஏத்தினா எடை தாண்டிடும். விட்டுட்டுக் கிளம்பினா விமானத்துக்குப் பின்னாடியே அழுதுட்டு ஓடி வருவான். பதினோரு கிலோதானே, என் உடம்புல குறைக்கறேன்னார் சார். போன தடவை எடை பார்த்தா இவன் அரைக் கிலோ ஏறிட்டான். சார் காலைச் சாப்பாட்டையும் விட்டுட்டார். இன்னிக்குத்தான் கணக்கு சரியாச்சு, இவனையும் ஏத்திட்டோம்."

"ஏங்க, வீட்ல சொல்லக் கூடாதா?"

"குறையலைன்னா மானம் போயிடுமே," என்றார் விமானி.

அவள் இரண்டு கைகளையும் நீட்டிப் பையனை வாங்கினாள். கை தாழ்ந்தது. இடுப்பில் ஏற்றிக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"இவ்வளவா குறைச்சீங்க?"