இண்டு இடுக்கு

குழந்தையின் கை ஜில்லென்று இருந்தது.

பஞ்சு மறுபடியும் தொட்டுப் பார்த்தான். அதே ஜில்.

கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது. ஹீட்டர் மூலையில் சும்மா நின்றது. பனிக்காற்று ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் புகுந்து திரையை ஆட்டிவிட்டுப் போனது.

மனைவி தையல் பிரிக்க அவளுடைய அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பிறந்து பன்னிரண்டே நாளான மகளோடு அவன் தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது, நர்ஸ் சொன்னதை வாசலில் நின்று மூன்று முறை ஒப்பித்துவிட்டுத்தான் போனாள்.

"மல்லாக்கப் படுக்க வைங்க. கட்டில்ல ஒண்ணும் போடாதீங்க, தலையணை, போர்வை, துண்டு, எதுவும் வேணாம். கை ஜில்லுனு இருந்தா பயப்படாதீங்க. பிடரியைத் தொட்டுப் பாருங்க."

மூன்றாவது முறை அவள் குரல் நடுங்கியது. என்மேல் அவ்வளவுதான் நம்பிக்கை என்று அவனுக்குச் சுருக்கென்றது.

பஞ்சு என்பது கிடங்கில் வைத்த பட்டப்பெயர். கண்ணாடிச் சாமான் கட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு டம்ளர் கூட விரிசல் விட்டதில்லை. அவனுக்குத் தெரிந்த வேதம் ஒன்றே ஒன்று: காலி இடம் இருந்தால் உடையும். கட்டி முடித்ததும் பெட்டியைக் காதருகே தூக்கி மெல்லக் குலுக்குவான். சத்தம் வரக்கூடாது. சத்தம் இல்லையென்றால் வேலை சுத்தம்.

இங்கே அவ்வளவு பெரிய கட்டிலில் முழங்கை நீளத்துக்கு ஓர் உயிர். சுற்றிலும் காலி இடம். பார்க்கப் பார்க்க அவனுக்குக் கை பரபரத்தது.

மூன்றாவது தடவை கையைத் தொட்டபோது நர்ஸாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது.

முதலில் மனைவியின் கம்பளிச் சால்வையைத் தேடினான். அது குளியலறைக் கொடியில் ஈரமாகத் தொங்கியது. நேற்று அவன் வேலைக்குப் போயிருந்த மதியத்தில் அலசிப் போட்டிருக்கிறாள். இருப்பதே ஒரு சால்வை, அதைத் துவைக்க இந்தக் குளிர்தான் கிடைத்ததா?

போகட்டும் என்று துண்டுகளை எடுத்தான். இரண்டைச் சுருட்டி விலாவுக்கு இரு பக்கமும் கொடுத்தான். கால்மாட்டில் ஒரு தலையணை. தலையைச் சுற்றி மெல்லிய பூத்துண்டு. மேலே ஒரு போர்வை, அதற்கு மேல் இன்னொன்று. ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினான். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் இருந்தது.

சமையலறைக்குப் போய்த் தனக்கு ஒரு தேநீர் போட்டுக் குடித்தான். திரும்பி வந்து, பழக்கதோஷத்தில், கட்டிலின் மேல் குனிந்து காதைக் கொடுத்தான்.

சத்தம் இல்லை.

வேலை சுத்தம் என்று உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

அடுத்த நொடிதான் உறைத்தது. சத்தம் இல்லை!

போர்வை மேலேறியிருந்தது. மூக்கைக் காணவில்லை.

அவ்வளவு வேகமாக ஒரு பெட்டியை அவன் வாழ்நாளில் பிரித்ததில்லை. போர்வை ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம் பறந்தன. உள்ளே முகம் செக்கச் செவேலென்று இருந்தது. முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. பிடரியில் கை வைத்தான். கொதித்தது. பூத்துண்டு தொப்பலாக நனைந்திருந்தது.

"பாப்பா..."

அசைவில்லை. உள்ளங்காலைச் சுண்டினான். இல்லை. இன்னொரு முறை சுண்டினான். இல்லை. தாயே, தெய்வமே என்று யாரை யாரையோ கூப்பிட்டுக்கொண்டு மூன்றாவது முறை சுண்டினான்.

உதடு கோணியது. பிறகு வீட்டையே பிளக்கிற மாதிரி ஓர் அழுகை.

அவளை வாரி எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அப்பாவும் மகளும் போட்டி போட்டுக்கொண்டு அழுதார்கள். மகள் முதலில் நிறுத்தினாள்.

சூடு தணிந்து, பிடரி காய்ந்து வெதுவெதுப்பானதும், கம்பளிச் சட்டையோடு மட்டும் மல்லாக்கப் படுக்க வைத்தான். கட்டிலில் வேறு ஒரு நூல்கூட இல்லை.

அப்புறம் தரையில் சிதறிக் கிடந்ததை எல்லாம் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான்.

குழந்தையைத்தானே கட்டக்கூடாது? அறையைக் கட்டலாமே!

துண்டுகளை முறுக்கி ஜன்னல் சட்டத்தில் இண்டு இடுக்கு விடாமல் திணித்தான். ஒரு போர்வை திரைக்கு மேல் ஏறியது. இன்னொன்று கதவின் அடியில் போனது. மேலே இருந்த வெண்டிலேட்டரை மட்டும் தொடவில்லை. உள்ளே இருப்பது மூச்சு விடுகிற சரக்கு.

மனைவி வந்தபோது கதவு லேசில் திறக்கவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நேராகக் கட்டிலுக்குப் போய் மகளின் பிடரியைத் தொட்டாள். அவளைச் சுற்றிக் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்தாள். அவள் தோள் தளர்ந்து இறங்கியது.

அப்புறம்தான் ஜன்னலைக் கவனித்தாள். பூத்துண்டின் நுனியைப் பிடித்து உருவினாள்.

"இது ஏங்க இவ்ளோ ஈரமா இருக்கு?"

"ஜன்னல் கசியுது," என்றான் பஞ்சு.

மழை பெய்து இரண்டு மாதமாகிறது. அவள் துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். பால் வாசம் அடித்திருக்கும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தான்.

அவள் குளியலறைக்குப் போய், துண்டை அலசிப் பிழிந்து, கொடியில் சால்வைக்குப் பக்கத்தில் போட்டாள். அங்கேயே, சால்வையைப் பிடித்தபடி, அவன் பக்கம் திரும்பாமல் நின்றாள்.

"நேத்து எனக்கும் கசிஞ்சுதுங்க."