மடக்குச் சுவர்

இரண்டாம் வகுப்பின் இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த மடக்குச் சுவர் மூடியிருந்தது. போதாக்குறைக்கு அதன் முன்னால் ஓர் இரும்பு அலமாரியை வேறு நகர்த்தி வைத்திருந்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரைபடம் போட்டவள், கழுத்தில் தொங்கும் கேமராவோடு வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இந்தக் கட்டடத்துக்காக ஒரு கட்டடக்கலைப் பரிசுக்கு விண்ணப்பித்திருந்தாள். சுவர் திறந்து, இரண்டு அறைப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் கேட்டிருந்தார்கள்.

அந்தச் சுவருக்காக நிர்வாகத்தோடு ஆறு மாதம் மல்லுக்கட்டியிருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு ஆடம்பரம் என்றவர்களிடம், மேசையும் நகர வேண்டும், சுவரும் நகர வேண்டும், வாசிக்கத் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று தலையால் தண்ணீர் குடித்து வாங்கிய சுவர். ஆறு வயதுப் பிள்ளை ஒற்றைக் கையால் தள்ளினாலே நாலாக மடிந்து ஓரமாகப் போய் நின்றுகொள்ளும்.

இப்போது இந்தப் பக்கம், அவள் மகளையும் சேர்த்து, முப்பது பேர். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் எண்ணினாள். பதினான்கு.

சக்கரம் வைத்த மேசைகள் எல்லாம் இந்தப் பக்கமே இருந்தன. அந்தப் பக்கத்துக்குப் பழைய பெஞ்சுகள்.

அவர்கள் கல்வி உரிமைச் சட்டப்படி இலவச இடத்தில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகள் என்று தலைமை ஆசிரியை குரலைத் தாழ்த்திச் சொன்னார். முதல் பருவம் முழுக்க எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தார்களாம். போன மாதம் பெற்றோர் சிலர் திரண்டு வந்தார்களாம். பாடம் பின்தங்குகிறது என்றார்களாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். நாலு பேர் வந்து கத்தினால் மூடிவிடுவீர்களா? அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிக்கிறீர்கள்? யார் அந்த நாலு பேர், சொல்லுங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.

 தலைமை ஆசிரியை அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போய் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். இலவச இடத்துப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து உட்கார வைக்கச் சொல்லி இருபத்திரண்டு பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது கையெழுத்து அவள் கணவருடையது.

பக்கத்திலேயே மகளின் பெயர். இரண்டாம் வகுப்பு.

மகளைக் கொண்டுவிடுவதும் கூட்டி வருவதும் அவர்தான். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

“பெத்தவங்கள்ல ஒருத்தர் பிரிக்க வேண்டாம்னு எழுதிக் குடுத்தாக்கூட சுவரைத் திறந்துவிடலாம்னு நிர்வாகம் சொல்லியிருக்கு, அம்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் வரல. நீங்க ரெண்டு வரி எழுதுங்க, இன்னிக்கே அலமாரிய எடுத்துடறேன்.”

தலைமை ஆசிரியை ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. நிஜமாகவே காத்திருந்தார்.

அவள் பேனாவைக் கையில் எடுத்தாள்.

இந்த ஒரு மாதமாகத்தான் மகள் எழுத்துக்கூட்டாமல் சரளமாக வாசிக்கிறாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி இவள்தான் பூரித்துப் போயிருந்தாள்.

பேனாவை மூடி, தாளின் மேலேயே வைத்தாள்.

“வீட்ல அவரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன், மேடம்.”