சந்துப் பக்கத்து ஜன்னல்

கும்மிடிப்பூண்டி பஜாரில் இருந்த பழைய ஹார்ட்வேர்ஸ் கடையை அன்பு வாங்கியபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் சந்துப் பக்கத்து ஜன்னலைப் பெயர்க்க ஆரம்பித்த அன்றுதான் பஜாரே கொதித்தது.

கடையை விற்ற வெங்கடேசனுக்கு யாரோ போன் செய்துவிட்டார்கள். சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கியவர், நேராகப் போய் கொத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தேக்கு உத்தரம், முன்பக்கத் தூண்கள், பெரிய வாசல் கதவு எல்லாவற்றையும் அன்பு அப்படியே வைத்திருந்தான். பாலிஷ்கூடப் போட்டிருந்தான். அந்த ஒரு ஜன்னல்மேல் மட்டும் அவனுக்கு என்ன கோபமோ, யாருக்கும் புரியவில்லை.

"வித்துட்டேன்தான். அதுக்காக எங்க தாத்தா கட்டின கட்டடத்தோட சரித்திரத்தையே இடிப்பியா நீ?" என்றார் வெங்கடேசன்.

கூடியிருந்த வியாபாரிகளும் சேர்ந்துகொண்டார்கள். வெல்டிங் கான்ட்ராக்டில் நாலு காசு பார்த்தவனுக்குப் பழசின் அருமை எங்கே தெரியும் என்று ஒருவர் அவன் காதுபடவே சொன்னார்.

அன்பு கொத்தனாரிடமிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு தானே ஜன்னல் பக்கம் போனான்.

வெங்கடேசனுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஜன்னலின் கதையைக் கூட்டத்துக்கு உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். கடையில் எப்போதும் கூட்டம் நெரியுமாம். அவசரமாக வருகிறவர்கள் காத்துக் கிடக்கக் கூடாதே என்று தாத்தா தனியாக வைத்த ஜன்னலாம் அது. அந்தக் காலத்திலேயே அப்படி ஒரு மனசாம் தாத்தாவுக்கு.

சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அன்புவின் அம்மா செண்பகத்திடம் திரும்பினார்.

"நீ எங்க கடையில வாங்கினவதானே? நீயாவது உன் புள்ளைக்கு எடுத்துச் சொல்லும்மா."

செண்பகம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நானும் எங்க ஊட்டுக்காரரும் எல்லாம் இந்த ஜன்னலாண்டதான்பா வாங்கினோம். புயல்ல கூரை பிச்சிக்கினு போன அன்னிக்கு, இவன் கைக்கொழந்த. தூக்கிக்கினு ஆணி வாங்க ஓடியாந்தோம். கொட்டுற மழை. கடைக்குள்ள ஈ காக்கா இல்ல. முன்வாசப் படியில காலு வெச்சோம். 'ஒங்களுக்குத்தான் தனியா ஜன்னல் வெச்சிருக்கேனே'ன்னு உன் தாத்தா எறக்கி உட்டுட்டாரு."