சலாமுக்குப் பதில்

யுத்தம் முடிந்த மாதம், சியாத் தன் கல்முனை இன்டர்நெட் கடைக்குப் வெளிநாட்டு அழைப்புகளை இணையம் வழியாகக் கொண்டுபோகும் புது ஐபி டனல் எடுத்தான். அன்றிலிருந்து கட்டாருக்குக் கதைத்தால் பதில் வர நான்கு செக்கன் பிந்தியது.

"டனல் சுத்தித்தான் போகும்" என்றான் கம்பனிக்காரன்.

சியாத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அழைப்பு போகும் வழியைத் திரையில் எடுத்துப் பார்த்தான். கொழும்பு, லண்டன், மறுபடி கல்முனை, அதன் பிறகுதான் கட்டார். கல்முனையில் காட்டிய கணினி, சுனாமி கொண்டுபோன அவனது கடற்கரைக் கடையினுடையது. சுனாமி வந்த காலை அதன் முன்னால் உட்கார்ந்திருந்த அவன் தம்பியும் கடலோடு போனவன்.

டனலை நிறுத்த எழும்புவதற்குள், கடைக்குக் கதைக்க வந்திருந்த றிஸ்னா கட்டாரிலுள்ள புருசனுக்கு அழைப்பு எடுத்துவிட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்குமுஸ் ஸலாம்" என்று உடனே ஸ்பீக்கரில் பதில் வந்தது.

"இண்டைக்கு லைன் நல்லம் காக்கா" என்று சியாத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

நான்கு செக்கன் கழித்து, கட்டாரிலிருந்து அவள் புருசன் சலாமுக்குப் பதில் சொன்னான்.