படித்தவர் பெயர் ரகசியம்

"நேத்து வந்தவளை எடிட்டராக்கிட்டாங்க. அப்போ நான் யாரு? ஒப்புக்குச் சப்பாணியா?"

பெரிய டீச்சர் கைப்பையைச் சோபாவில் விட்டெறிந்தாள்.

"எதுக்கு எடிட்டர்?" கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"எங்க ஆய்விதழுக்குத்தான். நின்னு போச்சுல்ல, அதைத் திரும்பக் கொண்டு வர்றாங்க."

"யாரும் படிக்கலைன்னுதானே நிறுத்தினாங்க?"

"உங்ககிட்ட அபிப்பிராயம் கேட்டேனா?"

உடம்பும் மனசும் சேர்ந்து அசைவதைக் கற்றுத் தரும் பள்ளி அது. பாயில் படுத்து, மெல்லப் புரண்டு, எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்று தன்னைத்தானே கவனிக்கிற பாடம். இறுக்கத்தை விடச் சொல்லித் தருகிற பெரிய டீச்சருக்கு, சின்ன டீச்சரைப் பார்த்தாலே தாடை இறுகிவிடும். எப்போது பார்த்தாலும் ஒரு சிரிப்பு அவளுக்கு. பிள்ளைகளும் அவள் வகுப்புக்குத்தான் முண்டியடித்தார்கள். இப்போது எடிட்டர் பதவி வேறு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்றோடு பேச்சு நின்றது. சின்னவள் "அக்கா" என்று வாயெடுத்தால், பெரியவளுக்கு ஜன்னலுக்கு வெளியே அவசரமாக ஏதாவது தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் இயக்குநர் கூப்பிட்டார்.

"முதல் இதழுக்கு ஒரு கட்டுரை, டீச்சர். நான் படிச்சுட்டேன், எனக்குச் சரின்னு படுது. இன்னொருத்தரும் சரின்னாதான் அச்சுக்குப் போகும். நீங்க படிங்க."

"எழுதினது யாரு?"

"அதைச் சொல்லக்கூடாது. படிச்சது நீங்கன்னு அவங்களுக்கும் தெரியாது. நம்ம ரெண்டு பேரைத் தவிர இதை யாரும் பார்க்கலை."

சொல்லித்தான் தெரியணுமா? முதல் பக்கத்திலேயே "மெல்ல, இன்னும் கொஞ்சம் மெல்ல" என்று வந்தது. வகுப்பில் சின்னவள் மூச்சுக்கு மூச்சு சொல்கிற வார்த்தை.

'மாட்டினியா?' என்று மனசுக்குள் குதித்தாள் பெரிய டீச்சர்.

கட்டுரை, தோள் இறுகிப் போனவர்களுக்கான ஒரு பாடம் பற்றியது. வலிக்கிற கையைத் தொடவே வேண்டாமாம். நல்ல கையை மட்டும் மெல்ல அசைக்கணுமாம். மற்ற கையை மனசில் அசைத்தால் போதுமாம்.

பெரிய டீச்சரின் வலது கை காதுக்கு மேல் போய் வெகுகாலம் ஆயிற்று. பள்ளிக்கே தெரிந்த விஷயம் அது. கரும்பலகையின் மேல்வரியைக்கூட வேறு யாராவதுதான் எழுதித் தருவார்கள்.

"மனசில அசைச்சா கை தூக்கிடுமா? புளுகுறதுக்கும் ஒரு அளவு வேண்டாம்? நானே செஞ்சு பார்த்து இவ சாயத்தை வெளுக்குறேன்."

ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள்.

"ஏம்மா, தரையில எதையாவது தொலைச்சுட்டியா?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க. ஆராய்ச்சி நடக்குது."

தப்புக் கண்டுபிடிக்கிற வெறியில் ஒரு வரி விடாமல் செய்தாள். தினமும் செய்தாள். ஒரு நாள் காலை, அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கணவர் கத்தினார்.

"அடியே! கொடியில நீயே துணி போடுற! கை தூக்குது!"

அண்ணாந்து பார்த்தாள். கை மேலே இருந்தது. வலி இல்லை.

ஒரு கணம் சந்தோஷம் பொங்கியது. அடுத்த கணமே, 'போயும் போயும் அவ பாடத்தாலயா?' என்று கசந்தது.

"ஊரைக் கூட்டாதீங்க. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, சொல்லிட்டேன்."

அன்றே கருத்தை எழுதி இயக்குநரிடம் கொடுத்தாள். 'செய்து பார்த்தேன். எந்தப் பயனும் இல்லை. வெளியிடத் தகுதியற்றது.' பள்ளியில் வலது கையை எப்போதும்போல் தொங்கவிட்டே நடமாடினாள்.

அடுத்த நாள் கூட்டத்தில் இயக்குநர் அந்த மூன்று வரிகளையும் வாசித்தார். பெயர் சொல்லவில்லை.

சின்ன டீச்சரின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. "அது நான் எழுதினதுதான் சார். செஞ்சு பார்த்தவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எடுத்துடுங்க" என்றாள்.

பெரிய டீச்சருக்கு மனசு குளிர்ந்தது. எழுந்து நடனமாடலாம் போலிருந்தது.

"சரி, பழைய இதழ் ஒண்ணு வேணும். எத்தனை பக்கம் போட்டோம்னு பார்க்கலாம்" என்றார் இயக்குநர்.

"இருங்க, நான் எடுக்குறேன்!"

அந்த உற்சாகத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. துள்ளி எழுந்தவள், அலமாரியின் உச்சித் தட்டுக்கு வலது கையை நீட்டி, கட்டோடு எடுத்துவிட்டாள்.



சின்ன டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் கிடந்த அந்த மூன்று வரிகளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

இயக்குநரின் புருவம் நெரிந்தது. "டீச்சர், உங்க கை... இது எப்போ சரியாச்சு?"

பெரிய டீச்சர் வலது கையைச் சட்டென்று கீழே இறக்கினாள். இத்தனை வருஷம் சம்பாதித்த மரியாதை, எல்லார் எதிரிலும் கப்பலேறப் போகிறது.

"நேத்து சாயங்காலம்தான் சார்" என்றாள் சின்ன டீச்சர். "அக்காவை நான்தான் பிடிச்சு உட்கார வெச்சு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அதுக்கு முன்னாடி அக்காவுக்கு இது தெரியவே தெரியாது."