இரண்டாவது வாளி

"ஒரு சொட்டுகூட உள்ளே வரலை மாமா. நம்பி எடுங்க."

மச்சான் அன்றைக்குச் சொன்ன இந்த வார்த்தையைச் சர்வேயர் ஆறு வருஷமாக நம்பவில்லை. சொந்த மனைவியின் தம்பி. அவனே இப்படிப் பொய் சொல்வானா என்று யோசிப்பார். பிறகு, சொன்னானே என்று நினைத்துக்கொள்வார்.

அப்போது அவருடைய ஜீப்புக்குக் கித்தான் கூரைதான். மனைவிக்கு மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பஸ் ஏறாத பாதை. தினமும் அவர்தான் கொண்டுபோய் விடுவார். மழை நாளில் தொப்பலாக நனைந்து போய் இறங்குவாள். மாற்று யூனிஃபார்மைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியிலேயே வைத்திருப்பாள்.

"இந்த மழைக்குள்ளயாவது ஒரு நல்ல கூரையா போடுங்க. இல்லேன்னா வேலையை எழுதிக் கொடுத்துட்டு வீட்ல உட்கார்ந்துடறேன்."

இரண்டு மழைக்காலமாகத் தேடிக்கொண்டுதான் இருந்தார். கழற்றி மாட்டுகிற ஃபைபர் கூரை, பழசு. பத்து பார்த்தார். பத்தையும் கழித்துவிட்டார். ஒன்றில் மயிரிழைக் கீறல். இன்னொன்றில் போல்ட் ஓட்டை லேசாகப் பெருத்திருந்தது. நிலத்தை அளக்கிற ஆள்; அரை விரல் பிசகினாலும் அவருக்குத் தூக்கம் வராது.

பதினோராவது கூரை ஒரு பழைய லாரி டிரைவர் வீட்டுக் கொல்லையில் இருந்தது. என்ஜின் செத்துப்போன ஜீப். அதன் தலையில் இந்தக் கூரை.

டிங்கர் பட்டறை வைத்திருந்த மச்சானையும் கூட்டிக்கொண்டு போனார்.

சர்வேயர் டேப்பை விரித்துக் குறுக்கும் நெடுக்கும் அளந்தார். ரப்பரை நகத்தால் கிள்ளினார். பின்கதவைத் தூக்கி, தானாக நிற்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தார். பிறகு ஓரம் முழுக்க விரலை மடக்கித் தட்டிக்கொண்டே வந்தார்.

"டாக்டர்கூட என்னை இவ்வளவு தட்டிப் பார்த்ததில்ல சார்" என்றார் டிரைவர்.

"நீங்க ஒழுகினா பரவாயில்ல. இது ஒழுகக் கூடாது."

மச்சான் சிரித்தான். "மாமா, தட்டினதெல்லாம் போதும். நான் உள்ளே உட்கார்றேன். நீங்க மேலேருந்து தண்ணி ஊத்துங்க. தெரிஞ்சுபோயிடும்."

"ஒரு சொட்டு வந்தாலும் சொல்லிடு. வேண்டாம்னு போயிட்டே இருப்போம்."

மச்சான் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தான். ஸ்டியரிங் பக்கக் கதவைத் திறந்து ஏறி, சாத்திக்கொண்டான். கண்ணாடியெல்லாம் கறுப்புத் தாள். வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

சர்வேயர் ஸ்டூலில் ஏறி ஒரு வாளித் தண்ணீரைக் கூரை முழுக்கப் பரத்தி ஊற்றினார்.

உள்ளே சத்தமே இல்லை. பிறகு சீட்டு கிறீச்சிட்டது.

"இன்னொரு வாளி ஊத்துங்க மாமா!"

"ஏன்டா, ஒழுகுதா?"

"ஊத்துங்கன்னா ஊத்துங்களேன்!"

ஊற்றினார். மச்சான் மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, ஜீப்பைச் சுற்றிக்கொண்டு வந்தான். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"தோள்ல என்னடா ஈரம்?"

"வேர்வை மாமா. உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்குது."

"ஒரு தோள் மட்டுமா வேர்க்கும்?"

"என் உடம்புவாகு அப்படி."

அன்றைக்கே கூரை கைமாறியது.

முதல் மழையிலேயே சர்வேயரின் வலது தோளில் குளுகுளுவென்று தண்ணீர் இறங்கியது. ஸ்டியரிங்குக்கு நேர் மேலே, பூச்சுக்கு அடியில் ஒரு வெடிப்பு. மச்சான் வருஷா வருஷம் வந்து பேஸ்ட் அப்பினான். வெயிலில் அது மறுபடி வாயைப் பிளந்தது. அவரும் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டப் பழகிவிட்டார். டிரைவர் இவனுக்கு என்ன கமிஷன் கொடுத்திருப்பான் என்பதை மட்டும் அவரால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "எப்படிடா இருக்கு உன் வேர்வை?"

"எனக்கு நின்னுபோச்சு மாமா. இப்ப உங்களுக்கு ஆரம்பிச்சிருக்காமே?"

போன வாரம் அவருக்கு வலது கை மணிக்கட்டில் சுளுக்கு. கட்டுப் போட்டிருந்தது. மனைவிதான் ஜீப்பை ஓட்டினாள். ஓட்டக் கற்று ஒரு வருஷம் ஆகியும், அவர் அதுவரை ஸ்டியரிங்கை விட்டுக் கொடுத்ததில்லை.

பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. கூரையில் ஆணி கொட்டுகிற மாதிரி சத்தம். அவளுடைய வலது தோள் நனைந்தது.

"அடேயப்பா! இதுக்குத்தான் இத்தனை நாள் புலம்பினீங்களா?"

அவர் தன் தோளைத் தடவினார். மடியைத் தடவினார். தலைக்கு மேலே கையை நீட்டி, கூரையின் உட்பக்கத்தை ஓரம் வரைக்கும் தடவிப் பார்த்தார். காய்ந்த பலகை மாதிரி இருந்தது.

"இந்தப் பக்கம் ஒழுகலையே?"

"என் பக்கம் என்னிக்குங்க ஒழுகுச்சு?"

"ஆறு வருஷமாவா?"

"கூரை போட்ட நாள்லேருந்து நான் மாத்துத் துணி எடுத்துட்டுப் போனதே இல்லையே. நீங்க பார்க்கலையா?"

பார்த்திருக்கத்தான் வேண்டும். பார்த்ததாக ஞாபகம் இல்லை. கண் பாதையில் இருந்தது. மனசு தன் தோளில் இருந்தது.

அவள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக்கொண்டதும், மழை விடும்வரை காத்திருந்து, ஒற்றைக் கையால் மெதுவாக ஓட்டிக்கொண்டு நேராக மச்சானின் பட்டறைக்கு வந்தார். அவன் ஒரு கதவைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"என்ன மாமா, இன்னிக்கும் வேர்வையா?"

"அதில்லடா. அன்னிக்கு ரெண்டாவது வாளி ஊத்தச் சொன்னியே, அப்போ நீ எந்த சீட்டுல உட்கார்ந்திருந்தே?"